வாடிக்கையாளர் என்றால் யார்? – நிறுவன மென்பொருள் குறித்த வாசகர் கேள்விகள்

தொழில் நிறுவனங்கள் தங்களுக்கென்று மென்பொருள் எழுதுவித்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைத் தொடர்ந்து கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே சிக்கலை வெவ்வேறு கோணத்திலிருந்து கேட்கின்றன என்பதால், அவற்றுள் ஆறினைத் தேர்ந்து விடை தருகிறேன்.

கேள்வி: மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் நிறுவனம் எங்களுடையது. கணக்குக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு ஒன்று, விற்பனைப் பிரிவுக்கு ஒன்று என மூன்று இருக்கின்றன. போதாததற்கு ஏராளமான எக்செல் தாள்கள். மாதக் கடைசியில் மூன்றும் மூன்று தொகையைக் காட்டுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எங்களுக்கென்றே புதிதாக எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாளும் ஈஆர்பி என்ற ஆயத்த மென்பொருள் தொகுப்பை வாங்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். மூன்று மென்பொருள்களும் ஏன் மூன்று தொகையைக் காட்டுகின்றன என்பது தெரியாமல் நான்காவதாக ஒன்றை எழுதினாலும் வாங்கினாலும், அது நான்காவது தொகை ஒன்றைத்தான் காட்டும்.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த மூன்று அறிக்கைகளிலும் 'வாடிக்கையாளர்' என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து கிளைகள் கொண்ட ஒரு மருத்துவமனை உங்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரே வாடிக்கையாளர், ஏனெனில் பில் ஒரே பெயருக்குப் போகிறது. சரக்கு அனுப்புகிறவருக்கு அது ஐந்து வாடிக்கையாளர், ஏனெனில் வண்டி ஐந்து முகவரிகளுக்குப் போகிறது. விற்பனைப் பிரிவுக்கோ, ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொரு கொள்முதல் அலுவலரும் தனித்தனி வாடிக்கையாளர். மூவரும் தத்தம் வேலைக்குச் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 'இந்த மாதம் எத்தனை வாடிக்கையாளருக்கு விற்றோம்' என்று நீங்கள் கேட்கும்போது, ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் இருப்பது வெளியே வருகிறது. 'விற்பனை' என்ற சொல்லும் அப்படியே: ஆர்டர் வந்த நாளில் ஒருவர் பதிகிறார், சரக்கு வெளியேறிய நாளில் ஒருவர், பில் போட்ட நாளில் ஒருவர்.

ஆகவே முதல் வேலை கணினியில் இல்லை. வாடிக்கையாளர், ஆர்டர், பொருள், இருப்பு, விலை, திரும்பிய சரக்கு என்று பத்துப் பதினைந்து சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் உங்கள் நிறுவனத்தில் எதைக் குறிக்கும், அந்தத் தகவலை உருவாக்கும் உரிமை எந்தப் பிரிவுக்கு, திருத்தும் உரிமை யாருக்கு, வெறுமனே பார்க்கும் உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, மூன்று பிரிவுத் தலைவர்களையும் கையொப்பமிடச் செய்யுங்கள். எளிதாகத் தோன்றும் இந்த வேலை பல வாரங்கள் இழுக்கும். பழைய மனத்தாங்கல்கள் கிளம்பும். அந்தச் சண்டை இப்போது மேசையில் நடப்பதே நல்லது, இல்லையேல் பிறகு மென்பொருளுக்குள் நடக்கும்.

'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்', அதாவது நிறுவனக் கட்டமைப்புத் திட்டமிடல், என்று பெரிய பெயரில் வழங்குவதன் கரு இதுதான். ஐபிஎம்மில் பணியாற்றிய ஜான் ஜாக்மன் 1987-இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில், கட்டடங்களும் விமானங்களும் எப்படி வரையப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறார். உரிமையாளர் பார்க்கும் வரைபடம் வேறு, வடிவமைப்பவருடையது வேறு, கட்டுகிறவருடையது வேறு. ஒன்று மற்றொன்றின் விரிவு அன்று, ஒவ்வொன்றும் வேறு வகை. தகவல் அமைப்புகளையும் அவ்வாறே எது, எப்படி, எங்கே என்ற கேள்விகளால் வகுக்கலாம் என்றார். யார், எப்போது, ஏன் என்பவற்றைப் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். 1992-இல் ஸ்டீவன் ஸ்பீவாக் இதைத் திட்டமிடும் முறையாக்கியபோது ஒரு வரிசையை வலியுறுத்தினார்: தொழிலைப் புரிந்துகொண்ட பின் முதலில் தரவு, அடுத்து அந்தத் தரவைக் கையாளும் பயன்பாடுகள், கடைசியில்தான் தொழில்நுட்பம். நடைமுறையில் நான் பெரும்பாலும் காண்பது இதன் தலைகீழ். முதலில் எந்த கிளவுட், அதாவது யாருடைய வாடகைக் கணினிகளில் ஓட்டுவது, என்று முடிவாகிறது, பிறகு எந்தத் தொகுப்பு என்று. வாடிக்கையாளர் என்றால் யார் என்பது தொடக்க விழாவுக்கு முந்திய வாரத்தில் நினைவுக்கு வருகிறது.

இனி உங்கள் கேள்விக்கு. அந்தத் தாள் தயாரானதும், எது உங்களை மற்ற விநியோகஸ்தரிடமிருந்து வேறுபடுத்துகிறதோ அதை எழுதுவித்துக்கொள்ளுங்கள்; எதை எல்லா நிறுவனங்களும் ஒரே விதியின்படி செய்தாக வேண்டுமோ அதை விலைக்கு வாங்குங்கள். பேரேடு, சம்பளப் பட்டியல், வரிக்கணக்கு ஆகியவை இரண்டாம் வகை. குறிப்பிட்ட கருவியைக் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்து, காலாவதி நாள் பார்த்து, எந்தக் கிளைக்கு முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் உங்கள் முறை முதல் வகையாக இருக்கலாம். பிரிட்டனின் லயன்ஸ் என்ற தேநீர்க்கடை நிறுவனம் 1951-இல் லியோ என்ற கணினியையே சொந்தமாகக் கட்டி, தன் அடுமனைச் செலவுக் கணக்கை அதில் ஓட்டியது. வணிக வேலைக்கு அன்றாடம் பயன்பட்ட முதல் கணினி அதுவே. விற்பனைக்கு எதுவும் இல்லாத காலத்தில் அது துணிச்சல். இன்று ஒருவர் சம்பளக் கணக்குக்குச் சொந்தமாக மென்பொருள் எழுதினால் அதை அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தொகுப்பை வாங்கிவிட்டு, உங்கள் பழைய பழக்கத்துக்கு ஏற்ப அதன் உட்புறத்தை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். விற்றவர் புதிய பதிப்பை வெளியிடும் ஒவ்வொரு முறையும் அந்த மாற்றங்களை மீண்டும் செய்ய வேண்டிவரும். விலைக்கு வாங்கியதன் எளிமையும் கிடைக்காது, சொந்தமாக எழுதியதன் சுதந்திரமும் கிடைக்காது. தேவையான தனித்தன்மையைத் தொகுப்புக்கு வெளியே எழுதி, ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென வைக்கப்பட்ட வாசல் வழியாக, இணைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வேலையைத் தொடங்கும் முன் இருநூறு பக்கத் தேவை ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும் என்கிறது மென்பொருள் நிறுவனம். எங்கள் இயக்குநரோ, 'இப்போது எல்லாம் அஜைல், ஆவணமே வேண்டாம்' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தாங்கள் துணைக்கு அழைக்கும் மூலத்தைப் படித்திருக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறேன். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று அருவிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் முறைக்கு வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவது வழக்கம். அந்தப் படத்தை வரைந்த கையோடு, அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவரே எழுதியிருக்கிறார். 2001 பிப்ரவரியில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட, சிறு சிறு படிகளாக எழுதிக் காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறைக்கான பிரகடனமும் ஆவணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இயங்கும் மென்பொருளை விரிவான ஆவணத்தைவிட மேலாக மதிக்கிறோம், ஆயினும் ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்றுதான் சொல்கிறது.

பின்னால் மாற்றினால் பெருஞ்செலவாகும் விஷயங்களை முன்கூட்டியே எழுதுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். முன் விடையில் சொன்ன சொற்களின் பொருள், வெளி நிறுவனங்களோடு உள்ள இணைப்புகள், யார் எதைப் பார்க்கலாம் என்ற வரம்பு, மென்பொருள் எவ்வளவு நேரம் நின்றுபோனால் தாங்க முடியும் என்பது, தரவை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்பது ஆகியவை அத்தகையவை. திரையில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நாற்பது பக்கம் செலவிடுவது வீண். அதை ஒரு மாதிரியைக் காட்டிக் கேட்டால் பயனர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அத்துடன் விதிவிலக்குகளை எழுதுங்கள். பில் போட்ட பின் பாதிச் சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வது? விலை மாறிய நாளில் பாதி அனுப்பப்பட்ட ஆர்டருக்கு எந்த விலை? இவற்றுக்கு மேலாளர்களிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கு மென்பொருளுக்காக ஆறு வாரம் மேலாளர்களை மட்டுமே பேட்டி கண்டு, எல்லாம் அறிந்துவிட்டதாக நம்பினேன். வெள்ளோட்டத்தின் முதல் நாள் காலையில் சரக்கு அனுப்பும் எழுத்தர் தமது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'இதெல்லாம் எதில் சார் போடுவது?' என்று கேட்டார். பழைய பாக்கி தீராமல் சரக்கு அனுப்பக் கூடாதவர்கள், இரண்டு தவணையாக மட்டுமே பெற்றுக்கொள்பவர்கள், பெயர் மாறியும் பழைய பெயரில் பில் கேட்பவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த நிறுவனத்தின் உண்மையான மென்பொருள் அந்த நோட்டுப் புத்தகம்தான். வெள்ளோட்டத்தை நிறுத்திவிட்டு அவரோடு உட்கார்ந்தோம்.

கேள்வி: பணம் கொடுத்து எழுதுவித்த மென்பொருளின் நிரல் எங்களுக்குச் சொந்தம்தானே?

பதில்: பணம் கொடுத்ததாலேயே சொந்தமாகிவிடாது. வெளியார் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாதவரை எழுதியவரிடமே இருக்கும் என்பது பல நாடுகளின் சட்டம். எனவே ஒப்பந்தத்தில் உரிமை மாற்றத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். காகித உரிமை மட்டும் போதாது. நிரல் சேமிக்கப்படும் களஞ்சியம், சர்வர் கணக்குகள், இணையப் பெயர் ஆகியவை முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதை எழுதாத வேறொரு பொறியாளரிடம் நிரலைக் கொடுத்து, வெற்றுக் கணினி ஒன்றில் குறிப்புகளை மட்டும் பார்த்து நிறுவி ஓட்டச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் சொந்தம்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாக ஓடும் எங்கள் மென்பொருளை முழுவதும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு வார இறுதியில் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்க எண்ணம். என்னென்ன முன்னெச்சரிக்கை வேண்டும்?

பதில்: ஒரு வார இறுதியில் மாற்றாமல் இருப்பதே முதல் முன்னெச்சரிக்கை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது; அதை ஏற்று இயங்க வேண்டிய அமைப்பு தடுமாறியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள், இயல்பு நிலை திரும்ப மாதங்கள் ஆயின. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன. வங்கிக்கே இந்த நிலை என்றால், திங்கட்கிழமை காலையில் உங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாற்று வழியை மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர், ஆஸ்திரேலியாவில் தாம் கண்ட, வேறொரு மரத்தைச் சூழ்ந்து வளரும் அத்தி மரத்தை உவமையாக்கி 2004-இல் எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பனைமரத்தின் உச்சியில் பறவை போட்ட ஆலம் விதை முளைத்து, வேரை மெல்ல மெல்ல இறக்கிப் பனையைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மென்பொருளின் முன்னால் ஒரு மெல்லிய அடுக்கை வையுங்கள். வரும் கோரிக்கைகள் எல்லாம் அதன் வழியாகப் போகட்டும். பிறகு ஒரே ஒரு வேலையை, எடுத்துக்காட்டாக விலை நிர்ணயத்தை மட்டும், புதிதாக எழுதி அந்தக் கோரிக்கைகளைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். தவறினால் பழையதற்கே திரும்பத் திருப்பலாம். சில மாதங்கள் இரண்டும் ஒருசேர ஓடி, ஒவ்வோர் இரவும் இரண்டின் விடைகளும் ஒப்பிடப்படட்டும். வேறுபடும் இடங்களில் பாதி புதியதன் பிழையாக இருக்கும். மீதி, பதினெட்டு ஆண்டுகளாக யாரும் கவனிக்காத பழையதன் பிழை என்று தெரியவரும்போது சங்கடம் உண்டாகும், அதற்கும் தயாராக இருங்கள்.

பயன்படாத பகுதியை அவ்வப்போது அகற்றுவதும் இதில் அடங்கும். அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடல் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்று விடுபட்டுவிட்டது. அந்த ஒன்றில், ஆண்டுக்கணக்கில் பயன்பாட்டில் இல்லாதிருந்த பழைய நிரல் ஒன்று உயிர்பெற்றுக் கட்டுக்கடங்காமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவைக்கப்பட்ட நிரல் அது.

கேள்வி: பெரிய கட்டணத்தில் ஆலோசகர்கள் வந்து, எங்கள் நிறுவனத்தின் கட்டமைப்பு என்று நூற்றுக்கணக்கான வரைபடங்களைத் தந்துவிட்டுப் போனார்கள். யாரும் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தத் துறையே வெறும் நாகரிகம்தானா?

பதில்: உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது. 1995-இல் முதற்பதிப்பு வெளியான டோகாஃப் போன்ற நிறுவனக் கட்டமைப்பு வழிமுறைகள், நிறுவனம் தனக்குத் தேவையான அளவுக்கு வெட்டிச் சுருக்கிக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் அமைந்தவை. ஆலோசகர்கள் வெட்டுவதில்லை, பக்கக் கணக்கில் கட்டணம் பெறுகிறவர் ஏன் வெட்டப் போகிறார்?

ஆயினும் துறை வெறும் நாகரிகம் அன்று. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளுக்காக எழுதுவித்த மென்பொருளைச் சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் கைவிட்டது. தேவைகள் தொடர்ந்து மாறியது, நிர்வாகிகள் அடிக்கடி மாறியது ஆகியவற்றோடு, முழு அமைப்புக்குமான கட்டமைப்புத் திட்டம் இல்லாததும் காரணங்களுள் ஒன்று என்று நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் குறிப்பிட்டார். புதிய மென்பொருள் எந்தப் பழைய அமைப்போடு எப்படிப் பேச வேண்டும் என்று காட்டும் தாள் அவர்களிடம் இல்லை. அதற்கு மாற்றாக எழுதப்பட்டது 2012-இல்தான் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

நூற்றுக்கணக்கான வரைபடங்களுக்குப் பதிலாக நான் நான்கு தாள்களைக் கேட்பேன். எந்தெந்த மென்பொருள்கள் இருக்கின்றன, ஒன்றோடொன்று எதைப் பரிமாறுகின்றன என்பது ஒன்று. எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. எந்த முடிவை எப்போது, எந்தக் காரணத்தால் எடுத்தோம் என்ற பதிவு மூன்றாவது. மூன்று ஆண்டு கழித்து வரும் பொறியாளர் 'இதை ஏன் இப்படிச் செய்தார்கள்' என்று வியக்கும்போது இதன் அருமை தெரியும். நான்காவது, நிறுத்தப் போகும் மென்பொருள்களின் பட்டியல், நாளுடன். நாள் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. மெல்வின் கான்வே 1968-இல் வெளியான ஒரு கட்டுரையில், எந்த நிறுவனமும் தன் உள் தொடர்பின் வடிவத்தையே நகலெடுத்த அமைப்புகளைத்தான் உருவாக்கும் என்றார். கணக்குப் பிரிவும் கிடங்கும் ஒன்றோடொன்று பேசாத நிறுவனத்தில் அவற்றின் மென்பொருள்களும் பேசா. எனவே கட்டமைப்பாளரைத் தொழில்நுட்பப் பிரிவின் மூலையில் உட்கார வைத்தால் அவர் வரைபடம்தான் வரைவார். பணத்தை ஒதுக்குகிறவரின் பக்கத்தில் உட்கார வைத்தால், எதற்கு ஒதுக்க வேண்டாம் என்று சொல்லுவார்.

கேள்வி: பன்னிரண்டு பேர் மட்டுமே பணியாற்றும் சிறு நிறுவனம் எங்களுடையது. இவ்வளவும் எங்களுக்குத் தேவையா? ஒரே ஒரு பயன்பாட்டைத்தான் எழுதுவிக்கப் போகிறோம்.

பதில்: தேவையில்லை. இரண்டு தாள் போதும்: சொற்களின் பொருள் ஒன்று, தரவின் பொறுப்பாளர் பட்டியல் ஒன்று. ஆனால் ஒரு முடிவை முதல் நாளிலேயே சரியாக எடுங்கள். வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்குத் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பயன்படுத்தலாம் என்று உங்கள் பொறியாளர் சொல்லக்கூடும். முதல் ஆண்டு அது வசதியாகவே இருக்கும். பிறகு ஒருவர் எண்ணை மாற்றுவார், கைவிடப்பட்ட பழைய எண் வேறொருவருக்குப் போகும், அவரும் உங்களிடம் ஆர்டர் கொடுப்பார். அப்போது முன்னவரின் பாக்கி பின்னவரின் பெயரில் நிற்கும். எந்தப் பொருளும் இல்லாத வெறும் வரிசை எண் ஒன்றை மென்பொருளே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுக்கட்டும். தொலைபேசி எண், முகவரி, பெயர் எல்லாம் அதனோடு இணைந்த, மாறத்தக்க விவரங்களாக இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு முகவரி இருக்கலாம், இரண்டு பேர் ஒரே தொலைபேசியைப் பயன்படுத்தலாம் என்பதையும் இப்போதே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.